பொய்க்கரி

அஸ்பெய்தியாவில் மழை என்பது செய்தியல்ல.
மூன்றாம் மாடி, லிஃப்ட் பழுது,
படியெல்லாம் பீன்ஸ் வேகும் வாசம்.
எகாய்ட்ஸ் ஏறி வந்தான்,
சட்டைப் பையில் நானூற்றைம்பது யூரோ,
கால்சட்டைப் பையில் தனியாக ஓர் ஐம்பது சென்ட் காசு.
முதலாவது கொடுப்பதற்கு.
இரண்டாவது தட்டுவதற்கு.

கடையில் புதிதாய் வாங்கினால்
இந்தச் சக்கரங்கள் அவனுக்கு ஒரு மாதச் சம்பளம்.
பாதிக்கும் பாதி விலை என்றதும்
முதலில் மகிழ்ச்சி வந்தது,
இரண்டாம் மாடியில் சந்தேகம் வந்தது,
மணியடித்தபோது இரண்டும்
அவனுக்கு முன்னால் போய் நின்றன.

திறந்தவள் கார்மெலே.
இடுப்பில் குழந்தை, குழந்தை கையில் டயர் நெம்பி.
"ஒருமுறைகூட விழுந்ததில்லை,"
கேட்கும் முன்பே சொன்னாள்.
ரசீது எடுத்து வைத்திருந்தாள்.
ரசீதில் இருந்த எண்ணும் விளிம்பில் இருந்த எண்ணும் ஒன்று.
திருட்டு இல்லை. அதுவரை நல்லது.

அவளுடைய சைக்கிளைக் கவிழ்த்து, சக்கரத்தை மாட்டிச் சுழற்றி,
பிரேக் கட்டைக்கும் விளிம்புக்கும் நடுவே
நூலளவு வெளிச்சத்தையே பார்த்தான்.
வெளிச்சம் ஆடவில்லை,
அல்லது ஆடியது அவனுக்குத் தெரியவில்லை.
கம்பிகளை இரண்டிரண்டாய்க் கிள்ளினான்.
அச்சைப் பிடித்து அசைத்தான்.
"உள் டேப்பை உரிக்கலாமா?"
உரித்தான். விரிசல் ஒன்றும் இல்லை.

கரி.
அவர்கள் கார்பன் என்கிறார்கள்.
என் மொழியில் கரி என்றால் அடுப்புக்கரி,
கரி என்றால் யானை,
பழைய வழக்கில் கரி என்றால் சாட்சி.
அலுமினியம் வளைந்து காட்டிவிடும்,
இரும்பு துருப்பிடித்துப் புலம்பும்,
இது மட்டும்
உள்ளே கிழிந்தும் வெளியே பளபளவென்று
கூண்டில் ஏறி நிற்கும்.
கேட்டால்தான் சொல்லும்.
கேட்கத் தெரிந்தவன் கேட்டால்தான்.

எகாய்ட்ஸுக்குத் தெரியும்.
பதினேழு வருடமாய்க் குளியலறைகளுக்கு டைல்ஸ் பதிக்கிறான்.
பசை பிடிக்காத டைல்
தட்டினால் காலி டப்பா மாதிரிப் பேசும்.

முன்சக்கரம்: டிக், டிக், டிக்,
சுற்று முழுக்க ஒரே பேச்சு.
பின்சக்கரம்: டிக், டிக், டிக்,
வால்வைத் தாண்டி நாலு விரற்கடை,
டொக்.

குழந்தை சிரித்தது.
மறுபடி தட்டினான். டொக்.
பிரேக் படும் பட்டையில் கட்டைவிரலை ஓட்டினான்:
கொசுக்கடி அளவு வீக்கம்.
ஒன்றும் சொல்லாமல்
காசை அவளிடம் நீட்டினான்.

அவள் தட்டினாள்.
குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு
இன்னொரு முறை தட்டினாள்.
"விழவே இல்லை," என்றாள் திரும்பவும்,
இந்த முறை சக்கரத்திடம்.
பிறகு நினைவு வந்தது.
அக்டோபர், உர்ராகி மலை இறக்கம்,
முன்னால் விலகாமல் போன பால் லாரி,
அடிவாரம் வரை விடாமல் பிடித்த பிரேக்,
ஒரு கருகல் வாடை.
லாரியினுடையது என்று நினைத்திருந்தாள்.
அதற்குப் பிறகும் ஆறு ஞாயிற்றுக்கிழமை
அதே மலை, அதே சக்கரம்.
அறுபத்தொன்றைத் தொட்ட அன்று
சந்தோஷத்தில் கத்தியிருக்கிறாள்.

பொய் சொன்னது அவளல்ல.
பொய்க்கரியை முதலில் நம்பியவள் அவள்.

"முன்சக்கரம் மட்டும் எடுத்துக்கொள்ளவா? இருநூறு?"
"நூற்றெண்பது போதும்," என்றாள்.
"உன் வேனில் அறுக்க ஏதாவது இருக்கிறதா?
குப்பையில் போட்டால்
எவனாவது எடுத்து மாட்டிக்கொள்வான்."

தூறலில், வேனின் திறந்த பின்கதவுக்கடியில்,
முகமூடி போட்டு, தண்ணீர் ஊற்றி ஊற்றி
டைல்ஸ் அறுக்கும் வட்டால் இரண்டு வெட்டு.
வெட்டுவாயில் உள்ளடுக்குகள்
பசைவிட்ட நோட்டுப் புத்தகமாய் விரிந்து கிடந்தன.
அவள் குனிந்து வெகுநேரம் பார்த்தாள்.
குழந்தையின் தலையைத் தோளில் அழுத்திக்கொண்டாள்.
கையெழுத்து வேண்டுமா என்று கேட்டு
ரசீதின் பின்பக்கம்
'முன்சக்கரம் மட்டும்' என்று எழுதிக் கொடுத்தாள்.

இரவு, சமையலறை நாற்காலியில்,
மடியில் சக்கரத்தை வைத்து
அவன் இன்னொரு தடவை தொடங்கினான்.
டிக். டிக். டிக்.
"கதவில் யார்?" என்றது படுக்கையறை.
"யாருமில்லை, தூங்கு," என்றான்,
விட்ட இடத்தில் காசை ஊன்றியபடி.
இன்னும் பாதிச் சுற்று இருந்தது.